காலண்டரைப் பார்த்துவிட்டுக் கடலுக்குக் கிளம்புங்கள்

இங்கிலாந்தில் லிவர்பூலுக்கும் சவுத்போர்ட்டுக்கும் நடுவே ஃபார்ம்பி என்று ஓர் ஊர். ஊரைத் தாண்டினால் பைன் காடு, காட்டைத் தாண்டினால் மணல்மேடு, மேட்டில் ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் வெறும் மணல். பஜ்ஜிக்கடை கிடையாது, ராட்டினம் கிடையாது, மைக் செட் கிடையாது. மெரினாவில் சுண்டல் தின்று வளர்ந்த எனக்கு முதல்முறை போனபோது சப்பென்று இருந்தது. பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது. கை நழுவி ஓடினாலும் அரை மைல் தூரத்துக்குக் குழந்தை கண்ணில் தெரியும்!

ஒரே ஒரு சிக்கல். கடை இல்லாத இடத்தில் வீட்டில் மறந்தது மறந்ததுதான். எட்டு வருடமாகப் போய்வந்ததில் பட்டுத் தெரிந்துகொண்டது பாதி, ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் சொல்லிக்கொடுத்தது பாதி. குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் பார்க்க வேண்டியது வானிலை அல்ல, திதி. மாமியார் வேதாரண்யத்துக்காரர், கடலோரத்திலேயே வாழ்ந்தவர். மணல்மேட்டில் ஏறி நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "என்னம்மா, கடலையே காணோம்?" நிஜமாகவே காணவில்லை. தொலைவில் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். நம் நாகப்பட்டினம் பக்கத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இருக்காது. லிவர்பூல் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் 8, 9 மீட்டர் ஏறி இறங்கும். தரை சமதளம் என்பதால் வற்றும்போது தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும்.

இதில் ஒரு சௌகரியமான கணக்கு இருக்கிறது. இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாட்களில் கடல் நிறைவது எப்போதும் நண்பகலை ஒட்டித்தான், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி தள்ளிவைப்பதால் ஒரு மணி வாக்கில். பெரிய ஏற்றமாக இருந்தால் மணல்மேட்டின் காலடிவரை தண்ணீர் வந்துவிடும், பாய் விரிக்க இடம் இருக்காது. அஷ்டமி, நவமியை ஒட்டிப் போனால் காலையும் மாலையும் நிறைந்து, நண்பகலில் வற்றிக் கிடக்கும். அதுவும் ரொம்பத் தூரம் போகாது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அஷ்டமிதான் நல்ல நாள்! ஊரிலிருந்து சுருட்டிக் கொண்டுவரும் தினசரி காலண்டர் ராகுகாலம் பார்க்க மட்டும் இல்லை என்று மாமியார் நிரூபித்துவிட்டார்.

2. திதி உத்தேசக் கணக்குக்குத்தான். சரியான மணியை அன்றைய கடல் ஏற்ற அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். சில அட்டவணைகள் கோடையிலும் கிரீன்விச் நேரத்திலேயே போட்டிருக்கும். அப்படியானால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒருமுறை வாளி, மண்வெட்டி, பாய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

3. வற்றிய கடலைத் தேடி நடக்காதீர்கள். சமதளம் போலத் தெரிந்தாலும் நடுவே பள்ளங்கள் உண்டு. ஏற்றம் திரும்பும்போது தண்ணீர் முதலில் அந்தப் பள்ளங்களில் புகுந்து நம் முதுகுப் பக்கத்தை நிரப்பும். முன்னால் கடல் தூரத்தில் நிற்க, பின்னால் வழி அடைபட்டிருக்கும். யாராவது மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் நீங்கள் இறங்காமல் 999-ஐ அழைத்து 'கோஸ்ட்கார்ட்' வேண்டும் என்று கேளுங்கள்.

4. ரயிலில் வருகிறவர்கள் ஃபார்ம்பி ஸ்டேஷனில் இறங்கிவிடாதீர்கள். லிவர்பூலிலிருந்து போகும்போது அதற்கு அடுத்தது ஃப்ரெஷ்ஃபீல்ட். காட்டுக்கு அதுதான் பக்கம். நேர் சாலையில் ஒரு மைல் நடை. தள்ளுவண்டி காட்டுப் பாதைவரை உருளும், மணலில் உருளாது. கைக்குழந்தை என்றால் தூளி மாதிரி உடம்போடு கட்டிக்கொள்ளும் பை நல்லது.

5. காரில் வருகிறவர்கள் வெயில் நாளில் காலை ஒன்பதரைக்குள் வந்துவிடுங்கள். காட்டையும் கரையையும் 1967-லிருந்து நேஷனல் ட்ரஸ்ட் பராமரிக்கிறது, உறுப்பினர்களுக்கு பார்க்கிங் இலவசம். நிறைந்துவிட்டால் உறுப்பினரானாலும் இடமில்லை. சாலையோரம் வீட்டு வாசலை மறித்து நிறுத்துவது இந்த ஊர்க்காரர்களின் தீராத வயிற்றெரிச்சல். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

6. டாய்லெட் கார் பார்க் அருகில்தான். கரையிலிருந்து மணலில் நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது நான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. போகும்போதே எல்லோரையும் ஒரு தடவை அனுப்பிவிடுங்கள்.

7. பாய் வேண்டாம், மெத்தைக்குப் போடும் எலாஸ்டிக் விரிப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் போட்டு நாலு மூலையிலும் நாலு பையை உள்ளே வைத்தால் விளிம்பு சுவர் மாதிரி எழும்பி நிற்கும். மணல் உள்ளே வராது, கைக்குழந்தையும் உருண்டு வெளியே போகாது. கிழிந்த விரிப்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே நியாயம் இதுதான்.

8. சாப்பாட்டைக் கரையில் பிரிக்காதீர்கள். மேற்கேயிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது கவளத்தில் பல் நறநறக்கும். விளையாட்டு மணலில், சாப்பாடு பைன் மர நிழலில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் காற்றும் அடங்கிவிடும். வெயில் ஏறிய நேரத்தில் மரத்திலிருந்து ஒரு வாசனை வரும். மாமியார் மூக்கைச் சுருக்கி, "இப்பதான் யாரோ பினாயில் போட்டுக் கழுவினாப்பல இருக்கே" என்றார். சிரித்தோம், ஆனால் அவர் சொன்னது சரிதான். வெள்ளைப் பினாயிலில் சேர்ப்பது பைன் எண்ணெய்தானே!

9. என்ன கட்டிக்கொண்டு போவது? குழம்பு, ரசம், தேங்காய்ச் சட்னி மூன்றும் வேண்டாம். என் அனுபவத்தில் முதலிடம் மிளகாய்ப்பொடி இட்லிக்குத்தான். இட்லி சூடு ஆறியதும் நல்லெண்ணெயில் குழைத்த பொடியை இருபுறமும் தடவி, இரண்டிரண்டாக பட்டர் பேப்பரில் சுற்றிவிடுங்கள். கை படாமல் பேப்பரோடு பிடித்தே சாப்பிடலாம். மணல் கையோடு இருக்கும் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பொட்டலம் இல்லை. காரம் தாங்காத குட்டிகளுக்குப் பருப்புப்பொடியும் நெய்யும்.

கட்டுச்சோறுதான் வேண்டும் என்றால் புளியோதரை. சாதம் வடித்ததும் அகலத் தாம்பாளத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆற வையுங்கள். சுடச்சுட டப்பாவில் அடைத்து மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோறுதான் வயிற்றைக் கெடுக்கும். அதில் வளரும் கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. தயிர்சாதத்துக்குப் பால் நிறைய, தயிர் ஒரு கரண்டி. கிளம்பும் காலையில் கலந்து, குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

அளவு விஷயத்தில் ஒரு வார்த்தை. நாலு பேருக்குப் பத்துப் பேர் சாப்பாடு கட்டுவது நம் பழக்கம். மணலில் அந்த மூட்டையைத் தூக்கி ஒரு தடவை நடந்தால் பழக்கம் போய்விடும்.

10. குளிர்ப்பெட்டிக்கு ஐஸ் வாங்க வேண்டாம். முந்தின இரவே தண்ணீர் பாட்டில்களை முக்கால்வாசி நிரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். முழுக்க நிரப்பினால் உறையும்போது வெடிக்கும். போகும்வரை ஐஸ், மத்தியானம் குடிக்கச் சில்லென்ற தண்ணீர்.

11. டீ ஃபிளாஸ்க் தவிர இன்னொரு ஃபிளாஸ்க்கில் வெறும் வெந்நீர். இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், நான் சொல்கிறேன். வீவர் என்று ஒரு சின்ன மீன், கடல் வற்றிய நேரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். முதுகு முள்ளில் விஷம். மிதித்துவிட்டால் பெரியவர்களே அலறுவார்கள். அந்த விஷம் சூட்டில் செயலிழந்துவிடும். தாங்கக்கூடிய சூட்டில் தண்ணீர் கலந்து அரைமணி நேரமாவது பாதத்தை அதில் வைத்திருக்க வேண்டும். சூட்டை நீங்கள் கையை விட்டுப் பார்த்த பிறகே பிள்ளையின் காலை வையுங்கள். வலியில் துடிக்கிற கால் கொதிநீரைச் சரியாக உணராது. பொருட்களைப் போட்டுக்கொண்டு போக ஒரு பிளாஸ்டிக் பேசின் இருந்தால் அதுவே கால் வைக்கவும் உதவும். இவ்வளவும் வேண்டாம் என்றால் சுலப வழி இருக்கிறது: பழைய கேன்வாஸ் ஷூவோடு தண்ணீரில் இறங்குங்கள். மூச்சுத் திணறலோ, உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் வைத்தியம் பண்ணிக்கொண்டு இருக்காமல் 999.

12. இந்தக் கடல் ஆகஸ்டிலேயே 16, 17 டிகிரிதான். நம் ஊர்க் கடல் மாதிரி ஓடிப்போய்க் குதிக்கக் கூடாது. சட்டென்று இறங்கினால் மூச்சு இழுத்துக்கொள்ளும். முழங்கால், இடுப்பு என்று மெல்ல இறங்குங்கள். தவறி ஆழத்துக்குப் போய்விட்டால் கைகாலை உதறாமல் மல்லாந்து மிதந்தாலே போதும், ஓரிரு நிமிடத்தில் மூச்சு சீராகிவிடும். பிறகு கூப்பிடலாம், நீந்தலாம். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்து நீச்சல் குளத்திலேயே சொல்லிப் பழக்குங்கள்.

13. காற்றடைத்த வாத்து, மெத்தை, ரப்பர் டியூப் எல்லாம் குளத்துக்கு. கரையிலிருந்து காற்று திரும்பினால் நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் போய்விடும்.

14. காட்டுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டு நடந்தால் செவ்வணில் பார்க்கலாம். இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களில் சாம்பல் அணில்தான். அது அமெரிக்காவிலிருந்து வந்து பெருகியது. இந்த மண்ணுக்கே உரிய செவ்வணில் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் ஃபார்ம்பியும் ஒன்று. காலையில் சீக்கிரம் போனால் வாய்ப்பு அதிகம். என் மாமியார் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "முதுகுல கோடே இல்லையேம்மா, ராமர் இதைத் தொடவே இல்லபோல" என்றார்.

அணில் கண்ணில் படாவிட்டாலும் அதன் எச்சில் படும். கீழே கிடக்கும் பைன் காய்களைப் பாருங்கள். செதில் செதிலாகக் கடித்து, உள்ளிருக்கும் விதையைத் தின்றுவிட்டு, கடித்துத் துப்பிய ஆப்பிளின் நடுத்தண்டு மாதிரி போட்டுவைத்திருக்கும். நுனியில் மட்டும் நாலு செதில் குடுமி போல நிற்கும். 'யார் முதலில் குடுமிக்காய் கண்டுபிடிப்பது' என்று போட்டி வைத்துவிட்டால் ஒரு மைல் நடைக்குப் பிள்ளைகள் 'கால் வலிக்குது' என்று சொல்லவே மாட்டார்கள்.

15. அதற்காக முறுக்கு, வேர்க்கடலை என்று எதையும் போடாதீர்கள். கல் நெஞ்சு வேண்டும்தான். ஆனால் ஒரே இடத்தில் தீனி கிடைத்தால் அணில்கள் அங்கே கூடும், கூடினால் நோய் தொற்றும். 2008-ல் அணில் அம்மை பரவி இங்கிருந்தவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின. மிச்சம் பிழைத்தவற்றின் வாரிசுகளைத்தான் இப்போது பார்க்கிறோம்.

16. பார்பிக்யூ கூடவே கூடாது. பைன் சருகு எண்ணெய்ப் பசையுள்ளது, ஒரு பொறி போதும். மணலில்தானே என்று அடுப்பு மூட்டி, கிளம்பும்போது மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மூடிய கரி வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும். வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைக்கு அது தெரியாது.

17. பைன் பிசின் சட்டையில் ஒட்டிவிட்டால் தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள், பரவும். சட்டையை ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால் பிசின் கெட்டியாகிவிடும், ஸ்பூன் காம்பால் சுரண்டலாம். மிச்சக் கறையில் சமையல் எண்ணெய் இரண்டு சொட்டு தேய்த்து, பத்து நிமிடம் கழித்துப் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு அலசுங்கள். கையில், தலைமுடியில் ஒட்டினால் தேங்காய் எண்ணெயே போதும். பிசின் எண்ணெயில் கரையும், சோப்பில் கரையாது. பட்டுப்புடவை, கம்பளிக்கு இந்த வைத்தியம் ஆகாது. அதற்கு முதலில் பட்டுப்புடவையோடு ஏன் காட்டுக்குப் போனீர்கள் என்று நான் கேட்க வேண்டியிருக்கும்.

18. உடையைப் பற்றிப் பேச்சு வந்ததால்: புடவையின் ஃபால்ஸுக்குள் ஒரு கைப்பிடி மணல் சேரும். சுடிதார் உத்தமம். ஜூனில் சூரியன் மறைய ஒன்பதே முக்கால் ஆகிவிடும். வெயில் இருக்கிறதே என்று ஸ்வெட்டரைக் காரில் விட்டுவிடாதீர்கள், ஐந்து மணிக்குமேல் காற்று எலும்பைத் தொடும்.

19. பிள்ளைகளின் முன்கையில் உங்கள் செல் எண்ணைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவிடுங்கள். தண்ணீரில் சீக்கிரம் போகாது. கிளம்பும்போதே ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டால் என்ன நிறச் சட்டை என்று பதறும் நேரத்தில் யோசிக்க வேண்டாம். மணல்மேடுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த வழியாகக் கரைக்கு இறங்கினீர்கள் என்று திரும்பி ஒரு முறை பாருங்கள்.

20. மேட்டின் சரிவில் குகை தோண்ட விடாதீர்கள், மணல் சரிந்து மூடிவிடும். சமதளத்தில் தோண்டினாலும் பிள்ளையின் முழங்கால் ஆழத்துக்குமேல் வேண்டாம். மேட்டில் முளைத்திருக்கும் கூரான புல்லையும் பிடுங்க வேண்டாம். மாமியார் அதைப் பார்த்ததுமே, "இது நம்ம ராவணன் மீசைக்குத் தம்பி" என்றார். செடி வேறுதான், செய்கிற வேலை ஒன்று: வேரால் மணலைப் பிடித்துவைப்பது. இந்தப் பைன் மரங்களும் தானாக முளைத்தவை இல்லை. நம் கரையில் சவுக்கு வைத்த மாதிரி, மணல் பறக்காமல் இருக்க நூறு வருடத்துக்கு முன்பு நட்டவை. அப்படியும் கடல் ஆண்டுக்குச் சுமார் 4 மீட்டர் மணலை அரித்துக்கொண்டே வருகிறது.

21. கடல் வற்றியபோது கரையோரமாகச் சில இடங்களில் கெட்டியான பழைய சேற்றுப் படிவம் வெளியே தெரியும். அதில் மான், நாரை, காட்டுமாடு, மனிதர் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய காலடித் தடங்கள் இருந்திருக்கின்றன. ஒவ்வொரு ஏற்றத்திலும் சில அழியும், சில வெளிப்படும். அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம். ஆனால் கெட்டிப் படிவம் வேறு, கால் புதையும் கறுப்புச் சேறு வேறு. பளபளப்பாகத் தெரிந்தால் சுற்றிப் போங்கள்.

22. காலில் ஒட்டிய மணலைத் துண்டால் தேய்த்தால் தோல்தான் எரியும். காயவிட்டு, முகப்பவுடர் தூவி, உள்ளங்கையால் தட்டுங்கள், பொலபொலவென்று உதிரும். பழைய பவுடர் டப்பா ஒன்று காரிலேயே கிடக்கட்டும். பவுடர் இல்லையா, சோளமாவும் இதே வேலை செய்யும். முகத்துக்கு அருகில் மட்டும் தூவாதீர்கள், குழந்தை மூச்சில் இழுத்துவிடும்.

23. ஈரத்துணியை அப்படியே வாஷிங் மெஷினில் போட்டவள் நான். மூன்றாம் தடவை தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. கீழே ஃபில்டரைத் திறந்தால் ஃபார்ம்பியே உள்ளே இருந்தது. இப்போதெல்லாம் துணியை வெளியில் நன்றாக உலர்த்தி, உதறி, பையை வெளிப்புறமாகத் திருப்பித் தட்டி, ஒரு வாளித் தண்ணீரில் அலசி, அடியில் தங்கும் மணலைத் தோட்டத்தில் கொட்டிய பிறகுதான் மெஷின். கார் சீட்டிலும் அதே விதிதான். ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள், மறுநாள் காய்ந்தபின் பிரஷ்ஷால் கிளறிவிட்டு வாக்குவம் போடுங்கள். மணல் புகுந்து இறுகிய ஜிப்புக்கு, பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மெழுகுவர்த்தித் துண்டை மேலும் கீழுமாகத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

24. பைன் காயைப் பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள், அது அணிலின் சோறு. எங்கள் வீட்டுக்கு ஒன்றே ஒன்று, தள்ளுவண்டியின் அடிக்கூடையில் தானாக விழுந்து வந்தது. மாமியார் அதை எடுத்துச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, மழை படாத விளிம்பில் வைத்தார். காற்று வறண்டிருந்தால் செதில்கள் விரியும், ஈரமானால் மூடிக்கொள்ளும். அவர் ஊருக்குத் திரும்பும்வரை தினமும் காலையில் காபி டம்ளரோடு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, என் கணவரிடம் சொல்வார்: "தம்பி, காய் மூடிக்கிச்சு. குடை எடுத்துட்டுப் போ."